நின்ற வேலைக்கு மட்டும் வரும் மயக்கம்

மலைக்குப் புதிதாக வேலைக்கு வந்திருக்கும் டாக்டர்களுக்கு நாலு நல்ல வார்த்தை எழுதித் தாருங்கள் என்று கேட்டிருக்கிறார்கள். நல்ல வார்த்தைக்கு என்னிடம் வந்தவர்களுக்கு என்னைத் தெரியாது என்றுதான் நினைக்கிறேன். கொல்லிமலையில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் என் உத்தியோகக் காலத்தின் பெரும்பகுதி கழிந்தது. ஓய்வு பெற்ற நாளில் எனக்குச் சால்வை போட்டார்கள். போட்டவர்களில் பாதிப் பேர் சனியன் ஒழிந்தது என்று சந்தோஷப்பட்டிருப்பார்கள். அந்தக் குணத்தோடுதான் எழுதுகிறேன். பிடிக்காதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

நம் தொழிலில் மிக மலிவாக விற்கும் பொய் 'ஒன்றுமில்லை' என்பது. ரத்தம் எடுக்கிறோம், எக்ஸ்ரே எடுக்கிறோம், ஈசிஜி எடுக்கிறோம். எதிலும் எதுவும் தெரியவில்லை. அப்போது நேர்மையாகச் சொல்ல வேண்டியது, 'எனக்குத் தெரியவில்லை.' அதைச் சொல்ல நமக்கு நாக்கு எழாது. படித்த படிப்பும் கழுத்தில் தொங்குகிற ஸ்டெதாஸ்கோப்பும் விடாது. ஆகவே நம்முடைய அறியாமையைத் தூக்கி நோயாளியின் தலையில் கட்டி, 'உனக்கு ஒன்றுமில்லை, போ' என்று அனுப்பிவிடுகிறோம்.

கொரோனா ஓய்ந்த பிறகு இந்தப் பொய்க்கு நல்ல வியாபாரம். காய்ச்சல் போய் மாதக்கணக்கில் ஆகியும் பழைய ஆளாக முடியாதவர்கள் வந்துகொண்டே இருந்தார்கள். வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருக்கும்போதே அடுத்த வார்த்தை மறந்து போகிறது என்று ஒரு வாத்தியார் என் முன்னால் அழுதார். ஒரு நாள் உழைத்தால் மறுநாள் படுக்கையைவிட்டு எழ முடியாதவர்கள் வந்தார்கள். இவர்களுக்கெல்லாம் நம் டாக்டர்கள் கொடுத்தது என்ன? ஒரு சத்து மாத்திரை, ஒரு குளுக்கோஸ் பாட்டில், 'மனசைத் தைரியமா வெச்சுக்கோங்க' என்று ஓர் உபதேசம். மும்மூர்த்திகள். நான்காவதாக ஒன்றை யோசிப்பதற்கு யாருக்கும் பொழுதில்லை.

பழனியம்மாள் கதையைச் சொல்கிறேன். கொல்லிமலையில் பல ஊர் சேர்ந்த பகுதியை நாடு என்பார்கள்; அப்படித் திண்ணனூர் நாட்டில், பஸ் போகும் ரோட்டைவிட்டு இறங்கி ஒற்றையடிப் பாதையில் நடக்க வேண்டிய ஒரு சிற்றூர். வீட்டில் புருஷன் துரைசாமி, மாமியார் மாரியாயி, பள்ளிக்கூடம் போகிற மகள் கோகிலா. கொஞ்சம் மிளகு, கொஞ்சம் மரவள்ளி, சாப்பாட்டுக்குச் சாமை. காய்ச்சலுக்கு முன்னால் பழனியம்மாள் ஏணி போட்டு ஏறி மிளகு பறிப்பாள். காய்ச்சலுக்குப் பின்னால் தண்ணீர்க் குடத்தோடு மேட்டில் ஏற முடியவில்லை; உலக்கை பிடித்து நின்று சாமை குத்த முடியவில்லை. மாரியாயி பொறுத்துப் பார்த்தாள், திட்டிப் பார்த்தாள், கடைசியில் சோளக்காட்டுச் சந்தைக்குப் பக்கத்தில் ஒரு மருத்துவ முகாம் போட்டபோது மருமகளை இழுத்துக்கொண்டு போய் நிறுத்தினாள்.

அன்று நான் ஒரு பிரசவத்தில் மாட்டிக்கொண்டு முகாமுக்குப் போகவில்லை. நடந்ததைப் பிற்பாடு எங்கள் நர்ஸும் பழனியம்மாளும் சொல்லித்தான் தெரியும். கீழே ஊரிலிருந்து ஒரு பெரிய டாக்டர் வந்திருந்தார். இளைஞர், கெட்டிக்காரர், மேல்படிப்புப் படித்தவர். இதையெல்லாம் கிண்டலாகச் சொல்லவில்லை, கிண்டல் இனிமேல்தான். வளைவுக்கு வளைவு காரை நிறுத்தி வாந்தியெடுத்து வந்து சேர்ந்த எரிச்சல் அவருக்கு. இருட்டுவதற்குள் மலை இறங்கிவிட வேண்டும் என்ற அவசரம் வேறு.

மாரியாயி அவரிடம் புகார் சொன்னாள். "ஏனுங்க சாமி, இவ உக்காந்த வேலைன்னா நல்லாச் செய்யறாளுங்க. மொளகு பொறுக்குவா, வெங்காயம் உரிப்பா, வாய் ஓயாமப் பேசுவா. நின்ன வேலைன்னாத்தான் மயக்கம் வருதாமுங்க. வேலையப் பாத்து வாரது அதென்ன சீக்குங்க?"

பெரிய டாக்டர் சிரித்தாராம். பழனியம்மாளை ஸ்டூலில் உட்கார வைத்து, கொரோனா காலத்தில் எல்லோருக்கும் பழகிப்போன அந்தச் சின்னக் கருவியை விரலில் மாட்டினார். அதில் இரண்டு எண்கள் தெரியும். மேலே இருப்பது ஆக்சிஜன், கீழே இருப்பது நாடித்துடிப்பு. அவர் மேலே பார்த்தார்.

"தொண்ணூத்தெட்டு இருக்கு. என்னைவிட உங்க மருமக நல்லா இருக்காங்க. ஒண்ணுமில்லம்மா, எல்லாம் நார்மல். மனசைத் தைரியமா வெச்சுக்கோங்க."

கவனியுங்கள். உட்கார்ந்தால் சரியாக இருக்கிறது, நின்றால் மயக்கம் வருகிறது. அந்த மாமியார் வசவாகச் சொன்னதுதான் முழு நோய்க்குறிப்பு. அதைவிடச் சுருக்கமாக உங்கள் புத்தகத்தில்கூட இல்லை. அதைக் காதில் வாங்கிக்கொண்டு, சிரித்துவிட்டு, நின்றால் வருகிற நோயை உட்கார வைத்துத் தேடினார் அந்தப் புண்ணியவான். விளக்கை அணைத்துவிட்டு நிழலைக் காணோம் என்று சொல்வதற்குச் சம்பளம், படி, கார், டிரைவர்.

அவர் சொன்ன 'ஒண்ணுமில்ல' பழனியம்மாளுக்கு முன்னால் ஊர் போய்ச் சேர்ந்துவிட்டது. பெரிய டாக்டரே சொல்லிவிட்டார், மருமகள் நடிக்கிறாள். மாரியாயி ஊர்க்கூட்டத்தைக் கூட்டச் சொன்னாள்.

சில நாள் கழித்துத் துரைசாமி மனைவியை எங்கள் நிலையத்துக்குக் கூட்டிக்கொண்டு வந்தான். அன்று கரண்ட் இல்லை. என் அறை பகலிலேயே இருட்டாக இருக்கும். மேஜையை வராந்தாவில் போடச் சொல்லி அங்கே உட்கார்ந்திருந்தேன். அதனால் மட்டுமே நோயாளிகளின் வரிசை என் கண்ணில் பட்டது. வரிசை நகரும்போது ஒரு பெண் எழுந்து நகர்ந்தாள். வரிசை நின்றால் உடனே தரையில் குந்திக்கொண்டாள். "எந்திரிச்சு நில்லு ஆத்தா, எடஞ்சலா இருக்குது" என்று பின்னால் இருந்தவர்கள் கடிந்துகொண்டார்கள். எழுந்து நின்றாள். கொஞ்ச நேரத்தில் முகம் வெளுத்தது, பாதங்கள் கருநீலமாக மாறின, கால்களைப் பின்னிக்கொண்டு தூணைப் பிடித்துக்கொண்டாள். அவள் முறை வந்து என் முன்னால் ஸ்டூலில் உட்கார்ந்ததும் மெல்ல முகத்தில் களை வந்துவிட்டது. நான் அறைக்குள் இருந்திருந்தால் பார்த்திருக்கக்கூடியது இந்த ஸ்டூல் முகத்தை மட்டும்தான்.

நம் ஆஸ்பத்திரிகளில் செலவே இல்லாத அருமையான பரிசோதனை அறைக்கு வெளியே நிற்கிற வரிசைதான். நாம் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே நாற்காலியில் சாய்ந்திருக்கிறோம்.

அவள் வாயைத் திறப்பதற்குள் துரைசாமி ஆரம்பித்தான். "டாக்டரம்மா, இவளுக்கு ஒன்னுமில்லைன்னு நீங்களும் ஒரு வார்த்த சொல்லிட்டீங்கன்னா, வார அமாவாசைக்கு ஊர்க்கூட்டத்துல சொல்லிருவனுங்க. எங்கம்மாகூட தெனமும் மல்லுக்கட்ட முடியலீங்க."

"சொன்னா என்ன ஆகும்?"

"அத்துவிட்டுருவாங்க. இவ அவங்கப்பன் ஊட்டுக்குப் போயிருவா."

"பொண்ணு?"

பதில் பழனியம்மாளிடமிருந்து வந்தது. "நடிக்கிறேன்னு முடிவு பண்ணிட்டா கோகிலா எனக்கில்லீங்க. நெசமாலுமே சீக்குன்னா அத்துவிடவும் மாட்டாங்க, புள்ளயப் பிரிக்கவும் மாட்டாங்க."

ஒரு டாக்டர் அலட்சியமாக உதிர்த்த ஒற்றை வார்த்தையில் ஒரு தாய்க்கும் மகளுக்கும் இடையில் கத்தி இறங்கியிருந்தது.

"நீ சொல்லு, நின்னா என்ன ஆகுது?" என்றேன்.

"நெஞ்சு படபடன்னு அடிக்குதுங்க. கண்ணு இருட்டிக்கிட்டு வருது. உக்காந்தா, படுத்தா சரியாப் போயிருது. அதனாலதானுங்க யாரும் நம்ப மாட்டேங்கறாங்க."

பெஞ்சில் படுக்க வைத்தேன். ரத்த அழுத்தம் பார்த்தேன். அதே மாதிரிக் கருவியை விரலில் மாட்டினேன். பிறகு எழுந்து சுவரோரம் நிற்கச் சொல்லி, பக்கத்திலேயே நின்றுகொண்டேன். மேலே இருந்த எண் அசையவில்லை. கீழே இருந்த எண் ஏற ஆரம்பித்தது. நூற்றைத் தாண்டியும் நிற்கவில்லை. சும்மா நிற்கிற பெண்ணுக்கு, மேட்டில் ஓடுகிறவளின் துடிப்பு. காய்ச்சல் போகும்போது உடம்பின் ஒரு கட்டுப்பாட்டைக் கெடுத்துவிட்டுப் போயிருந்தது. நின்றால் ரத்தம் காலில் தங்கிவிடுகிறது. அதை மேலே ஏற்ற இதயம் தறிகெட்டு ஓடுகிறது. இதன் பெயர் உங்களுக்குத் தெரியும், பரீட்சைக்குப் படித்திருப்பீர்கள். உட்கார வைத்தே பார்த்துக்கொண்டிருந்தால் ஆயுசுக்கும் கண்ணில் படாது. சோகை, தைராய்டு என்று வேறு காரணங்களுக்கும் ரத்தம் சோதித்தோம். அவை எல்லாம் சரியாகவே இருந்தன.

துரைசாமி கருவியையே பார்த்துக்கொண்டிருந்தான். "முகாம்லயும் இதே மிசினத்தான் போட்டாங்கன்னு எங்கம்மா சொல்லுச்சுங்க."

"அன்னிக்கு மேல மட்டும் பாத்தாங்க."

"நான் நம்பறனுங்க. எங்கம்மா நம்பாது. ஊர்க்கவுண்டரும் பெரிய டாக்டரு சொன்னதத்தான் புடிச்சுக்குவாரு. நீங்க வந்து சொல்லோணுமுங்க."

முதலில் பெரிய டாக்டருக்கே போன் போட்டேன். தான் சொன்னதைத் தானே திருத்தினால் மரியாதையாக இருக்குமே என்று ஒரு நல்லெண்ணம். "மேடம், அன்னிக்கு ஏகப்பட்ட கேஸ். ஞாபகமில்லை. ஆங்சைட்டியா இருக்கும், மனநல மருத்துவர்கிட்ட அனுப்பிடுங்க" என்றார். ஞாபகமே இல்லாத நோயாளிக்கு என்ன நோய் என்று மட்டும் தெரிந்திருந்தது அவருக்கு. ஒரு தடவை மேலே வந்து பார்க்கிறீர்களா என்று கேட்டேன். அந்த வளைவுகளை நினைத்திருப்பார் போலிருக்கிறது, லைன் கட்டாகிவிட்டது.

அடுத்து என் மேலதிகாரி. "ஊர் விவகாரத்துல தலையிடாதீங்கம்மா, நமக்கெதுக்கு?" என்றார். தலையிட்டாகிவிட்டது ஐயா என்றேன். 'ஒன்றுமில்லை' என்று நம்மவர் ஒருவர் சொன்னதுதான் தலையீடு, நான் போவது அதைத் துடைப்பதற்கு. அவர் பெருமூச்சு விட்டு, தன்னிடம் எதுவும் சொல்லாத மாதிரியே வைத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொண்டார். நம் துறையில் வீரம் இந்த அளவில்தான் கிடைக்கும்.

ஆனால் ஒரு நோயாளியின் உடம்பை ஊர் முன்னால் கடைபரப்பலாமா என்ற கேள்வி எனக்கும் இருந்தது. அதைப் பழனியம்மாளிடமே கேட்டேன். "எல்லார் முன்னாலயும் உன்னை நிக்க வெச்சுக் காட்ட வேண்டியிருக்கும். மயக்கம் வரலாம். வேண்டாம்னா சொல்லிடு, வாயால சொல்லிப் பாக்கறேன்."

"கூட்டத்துல பதில் சொல்றவங்க நின்னுதானுங்க சொல்லோணும். எப்படியும் நிக்கத்தான் போறேன். நீங்க பக்கத்துல இருங்க, போதும்."

அமாவாசையன்று மதியம் கோயிலுக்கு முன்னால் பலா மர நிழலில், ஊர்த் தலைவரான ஊர்க்கவுண்டர் தலைமையில் கூட்டம். ஆண்கள் ஒரு பக்கம் உட்கார்ந்திருந்தார்கள், பெண்கள் ஒரு பக்கம். எனக்கு எங்கிருந்தோ ஒரு பிளாஸ்டிக் நாற்காலி வந்தது. காலையிலிருந்து நன்றாக நடமாடிக்கொண்டிருந்த எனக்கு நாற்காலி. நிற்க முடியாதவளுக்கு நிற்க உத்தரவு. நடைமுறை என்றால் எங்கேயும் இப்படித்தான், நம் ஆஸ்பத்திரியை மட்டும் சொல்லக் கூடாது.

மாரியாயி எழுந்து முகாமில் பெரிய டாக்டர் சொன்னதை அவர் சிரிப்போடு சேர்த்துச் சொன்னாள். நான் அவளிடம், "உங்க வெரலக் குடுங்க, மொதல்ல உங்களப் பாக்கலாம்" என்றேன்.

"எனக்கென்னங்க சீக்கு? நல்லாப் பாருங்க!" என்று விரலை நீட்டினாள். உட்கார்ந்தபோதும் நின்றபோதும் கீழ் எண்ணில் பெரிய மாற்றம் இல்லை. ஊர்க்கவுண்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதை உரக்கப் படித்தார். மாரியாயிக்குப் பெருமை தாங்கவில்லை. "கல்லாட்டம் இருக்கறேன்!" என்று பெண்கள் பக்கம் திரும்பிச் சொன்னாள்.

பிறகு பழனியம்மாள். தரையில் உட்கார வைத்துப் படித்தார்கள், சாதாரணம். நிற்கச் சொன்னேன். ஊர்க்கவுண்டர் படிக்க ஆரம்பித்தார். "ஏறுது... இன்னும் ஏறுது... என்னடா இது, நிக்கவே மாட்டேங்குது." போகப் போக அவர் குரல் இறங்கிவிட்டது. அவள் யாரையும் பிடித்துக்கொள்ளாமல் நின்றாள். உதடு வெளுத்தது, பாதங்கள் கருநீலமாயின. நான் நிறுத்து என்று வாயெடுப்பதற்குள் துரைசாமி கூட்டத்திலிருந்து பாய்ந்து வந்து, "போதுமுங்க! உக்காரச் சொல்லுங்க!" என்று கத்தி அவள் தோளைத் தாங்கினான்.

"உக்காரு சாமி, உக்காரு" என்றார் ஊர்க்கவுண்டர்.

"மிசினு கெட்டுப் போயிருக்கும்" என்றாள் மாரியாயி. கருவியைக் கழற்றித் தன் விரலில் மறுபடி மாட்டிப் பார்த்தாள். அது பழையபடி கல்லாட்டம் என்றே சொன்னது. கழற்றி என் கையில் கொடுத்துவிட்டுப் பெண்கள் பக்கம் போய் உட்கார்ந்தாள்.

தீர்ப்பு சீக்கிரமே வந்தது. "சீக்குதான். அத்துவிடற பேச்சே இல்ல. தொரைசாமி, பொண்டாட்டிய ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போயி டாக்டரம்மா சொல்ற வைத்தியத்தப் பாரு." நான் ஜெயித்துவிட்ட மிதப்பில் பெட்டியை மூடினேன். பெரிய டாக்டர் இதைப் பார்த்திருக்க வேண்டும் என்று அற்பமாக ஒரு ஆசைகூட வந்தது.

அப்போது தரையில் உட்கார்ந்திருந்த பழனியம்மாள் தலையைத் தூக்கினாள். "நான் ஒன்னு சொல்லலாமுங்களா?"

"சொல்லு கண்ணு."

"நின்னா முடியலீங்க, நின்னா முடியலீங்கன்னு இத்தன மாசமா நானும் இதையேதானுங்க சொன்னேன். இந்த மிசினு ஒருக்காச் சொன்னதும் எல்லாரும் நம்பிட்டீங்க. மிசினு சொல்லக் கேட்டு என்னக் கூட்டிட்டுப் போற ஊட்டுக்கு நான் வரலீங்க. அத்துவிட வேண்டாம். எம்புள்ளயக் கூட்டிட்டு எங்கப்பன் ஊட்ல போய் இருக்கறேன். எஞ்சொல்ல நம்பி இவரு வாரன்னிக்கு வரட்டும்."

துரைசாமி, "நான் நம்பறேன்னு அன்னிக்கே சொன்னனே" என்றான்.

"எப்பச் சொன்னீங்க? நம்பர் ஏறுனதப் பாத்துட்டுச் சொன்னீங்க." பிறகு என் பக்கம் திரும்பினாள். குரலில் கோபம் இல்லை. "டாக்டரம்மாகூட நான் வரிசையில குந்துனதப் பாத்துட்டுத்தானுங்க என்னக் கேட்டாங்க."

எனக்குச் சுருக்கென்றது. நாற்காலியிலிருந்து எழுந்துகொண்டேன். அவள் சொன்னது சரி என்று நின்றபடியே ஒத்துக்கொண்டேன். ஊர்க்கவுண்டர் சற்று யோசித்து, சீக்குக்காரி எங்கே இருந்தால் ஆறுமோ அங்கே இருக்கட்டும், பிள்ளையும் தாயோடு இருக்கட்டும் என்று முடித்தார். ஆலத்தூர் நாட்டில் இருந்த அப்பன் வீட்டுக்குக் கோகிலாவைக் கூட்டிக்கொண்டு அவள் போய்விட்டாள்.

மாயமாக ஒன்றும் குணமாகவில்லை. அவளுடைய ரத்த அழுத்தத்துக்கு ஒத்துப்போனதால் உப்பும் தண்ணீரும் கூடுதலாக எடுத்துக்கொள்ளச் சொன்னேன். காலுக்கு இறுக்கமான உறை, எந்த வேலையையும் உட்கார்ந்தே செய்வது, களைப்பு வருவதற்கு முன்பே ஓய்வு. நல்ல நாளும் வந்தது, எழ முடியாத நாளும் வந்தது. 'எப்பச் சரியாகும்?' என்று கேட்டாள். தெரியவில்லை என்றேன். அதற்கு அவள் கோபித்துக்கொள்ளவில்லை. உங்களுக்குப் பயமாக இருக்கிற அந்த வார்த்தையை நோயாளிகள் நம்மைவிட நன்றாகத் தாங்குகிறார்கள்.

மிளகு பறித்து முடிந்த பிறகு ஒரு நாள் துரைசாமி தனியாக வந்தான். வரிசையில் நின்று, முறை வந்ததும் உட்காராமல் பேசினான். "டாக்டரம்மா, உக்காந்துட்டே சமைக்கறாப்புல அடுப்பு மேடையக் கட்டலாம்னு இருக்கறனுங்க. எத்தன ஒசரம் வெச்சா அவளுக்குத் தோதா இருக்கும்?"

"என்னை ஏன் கேக்கறே? போய் அவளக் கேளு."

"அங்கதானுங்க போறேன். பஸ்ஸுக்கு நேரம் இருந்துச்சு." கொஞ்சம் தயங்கிவிட்டுச் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னப் பெட்டியை எடுத்தான். விரலில் மாட்டுகிற அதே கருவி, புத்தம் புதியது. "இதையும் வாங்கியிருக்கறனுங்க. ஊட்ல வெச்சுத் தெனமும் பாத்துக்கலாம்னு. கொண்டுட்டுப் போகட்டுங்களா?"

"யாரு சொல்றதக் கேக்கறதுக்கு?" என்று மட்டும் கேட்டேன். மேல்படிப்புப் படித்த பெரிய டாக்டருக்கு இன்றுவரை விளங்கியிருக்குமா என்று எனக்குத் தெரியாத ஒன்று, அந்த மிளகுக்காரன் முகத்தில் மெதுவாக விளங்கியது.

வெளியே ஆலத்தூர் நாட்டுப் பஸ் ஹாரன் அடித்தது. துரைசாமி கருவியைப் பெட்டியோடு என் மேஜைமேல் வைத்துவிட்டு, வெறுங்கையோடு ஓடிப்போய் ஏறிக்கொண்டான்.